ஞாயிறு காலை ஈர்ப்பு விசை இருக்காது

பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. அந்த மெத்தையை இழுத்துப் போட்டுக்கொண்டு காலை நீட்டி உட்காருங்கள். நம் மேட்டுத் தெரு நிஷிவாகி தமோட்சுவின் கதையை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவரே இப்போதெல்லாம் சிரிக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், துறைமுகத்துப் பக்கம் இருக்கும் காபிக்கடையில் தமோட்சு கையில் ஒரு தாளோடு எழுந்து நின்றார். எதிரே அவருடைய சிநேகிதர்கள் காபியைக்கூடத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"காணவில்லை. பழுப்பு வரிப் பூனை. வால் நுனி வெள்ளை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது."

அத்தோடு நின்றுவிட்டார். அவர் எழுதிக்கொண்டு வந்தது அதுவல்ல.

பல் மருத்துவர் இகராஷி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"பிரமாதம், நிஷிவாகி சான். எங்க போச்சுன்னு சொல்லாம விட்டீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க. எந்தக் கிரகமோ, பாவம்."

அவர்கள் எல்லோரும் விஞ்ஞானக் கதைப் பைத்தியங்கள். அதிலும் ஒரு தனி ரகம். ராக்கெட் எவ்வளவு வேகத்தில் போகும், கதிர்த் துப்பாக்கி யாரைப் பொசுக்கும் என்பதெல்லாம் இவர்களுக்குப் பொருட்டே இல்லை. நிலாவில் குடியேறியவர்கள் குப்பையை எந்தக் கிழமை வெளியே வைப்பார்கள்? செவ்வாய்க் கிரகத்துக்கு மாமியார் வந்தால் எத்தனை நாள் தங்குவார், திரும்பிப் போக அடுத்த கப்பல் இரண்டு வருஷம் கழித்துத்தானே? கதைக்கு நடுவில் இப்படி ஒரு வரி வந்துவிட்டால் போதும். தமோட்சு புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, ரயில் ஜன்னல் வழியே வெளியே பார்த்துத் தனியாகச் சிரிப்பார். இறங்க வேண்டிய நிலையம் பின்னால் போய்விடும். குளியலறை ஓடு விற்கிற கம்பெனியில் அவருக்குக் கணக்கு வேலை. அங்கே சிரிப்பதற்கு ஒன்றும் கிடையாது.

படித்துப் படித்து ஊறிப்போய், கடைசியில் இவர்களே ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார்கள். எதிர்காலத்திலிருந்து வந்த மாதிரி ஓர் அறிவிப்பு எழுத வேண்டும். நாடகமெல்லாம் கூடாது. நகராட்சித் தாள் எப்படி இருக்குமோ அப்படி, உப்புச்சப்பில்லாமல் இருக்க வேண்டும். இந்த முறை தமோட்சுவின் வாய்ப்பு. கம்பெனியில் புதிதாக வாங்கிய எழுத்தடிக்கும் இயந்திரத்தில், ஆள் இல்லாத சாப்பாட்டு வேளையாகப் பார்த்து, தலைப்பு, கோடு, அடிக்கோடு எல்லாம் வைத்து அடித்திருந்தார்.

"அறிவிப்பு. ஈர்ப்பு விசை வழங்கும் கருவிகளின் பராமரிப்புப் பணியை முன்னிட்டு, ஞாயிறு காலை பத்து மணி முதல் பதினொன்று வரை நமது பகுதியில் ஈர்ப்பு விசை நிறுத்தப்படும். அந்நேரத்தில் துவைத்த துணிகளை வெளியே உலர்த்த வேண்டாம். பூந்தொட்டிகளைக் கட்டி வைக்கவும். குளியல் தொட்டியில் நீர் நிரப்பி வைக்க வேண்டாம். நாய், பூனைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவும். முதியோர் அமர்ந்தபடி தூணைப் பற்றிக்கொள்ளவும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

அந்தத் தாள் எங்கே? பூனைத் தாள் இங்கே வந்தது என்றால், இங்கே வர வேண்டிய தாள் பூனை போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. அது எந்த இடம் என்று தமோட்சுவுக்கு அப்போதுதான் உறைத்தது. பூனைத் தாள் போக வேண்டிய இடம், தெருவில் வீடு வீடாகப் போகிற சுற்றட்டை.

அந்த வருஷம் தெருப்பொறுப்பு அவர்கள் வீட்டு முறை. தெருச் சங்கத்திலிருந்து வருகிற அறிவிப்புகளை அட்டையில் கவ்வி மாட்டி அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் படித்து, பெயருக்கு நேரே முத்திரை குத்தி, அதற்கடுத்த வீட்டுக்குத் தள்ள வேண்டும். காலையில் பின்னறையில் உட்கார்ந்து அட்டையை அடுக்கிக்கொண்டிருந்தபோது மனைவி கினுகோ திடீரென்று கதவை நகர்த்தினாள். தமோட்சு சட்டென்று தன் தாளை அட்டைக்கு அடியில் தள்ளினார். நீங்கள் மறந்துவிடுவீர்கள், நானே கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கினுகோ அட்டையோடு அடியிலிருந்த தாளையும் சேர்த்து எடுத்துப் போய்விட்டாள். தரையில் மிச்சமிருந்த தாளைத் தன்னுடையது என்று நினைத்து, பிரித்துப் பார்க்காமலே மடித்து எடுத்துக்கொண்டு தமோட்சு கிளம்பிவிட்டார்.

ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்கும் காரணம் உண்டு. அந்தப் பின்னறை முழுக்கப் புத்தகம். அலமாரி நிரம்பி, பெட்டிகள் நிரம்பி, பாய்க்கு அடியில் தரைப்பலகை நடுவில் குழிந்துவிட்டது. போன முறை தெருப்பொறுப்பு வந்தபோது, சாக்கடை சுத்தம் செய்கிற நாளில் தெருவே சேறு அள்ளிக்கொண்டிருக்க, பொறுப்பாளர் ஐயா வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். வியாழன் கிரகத்தில் ஏதோ முக்கியமான கட்டமாம். கினுகோ அதை மறக்கவில்லை. இந்த முறை பொறுப்பு வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"ஏங்க, இந்த ஒரு வருஷம் கோமாளித்தனம் எதுவும் பண்ணாம ஒப்பேத்துங்க. அந்த அறை உங்களுக்கு. ஏதாவது ஒண்ணு ஆச்சு, பழைய காகித வண்டிக்காரரைக் கூப்பிட்டு அத்தனையும் ஏத்தி விட்டுடுவேன்."

பழைய காகித வண்டிக்காரர் ஞாயிறு மத்தியானம் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வருவார். கட்டுக்கட்டாகத் தாள் போட்டால் பதிலுக்கு டாய்லெட் பேப்பர் கொடுப்பார். தமோட்சுவுக்கு அடிக்கடி ஒரு கெட்ட கனவு வரும். அவர் ஆயுசெல்லாம் சேர்த்த நட்சத்திர மண்டலங்கள் அத்தனையும் வெள்ளைச் சுருளாகிக் கழிவறைச் சுவரில் தொங்கும். அவர் உட்கார்ந்தபடி கை நீட்டுவார்.

காபிக்குக் காசு வைத்துவிட்டு மேடேறி ஓடினார். அடுத்த வீட்டு சுகியுரா அம்மாள் வாசலில் குனிந்து பூந்தொட்டிகளைக் கயிறு போட்டு வேலிக்கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாயிற்று.

தமோட்சு மூச்சு வாங்கியபடி, அந்தத் தாளைப் படித்தீர்களா என்று கேட்டார்.

"படிக்காம முத்திரை குத்துவேனா, நிஷிவாகி சான்?" சுகியுரா அம்மாள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபம் இருந்தது. "நாளைக்குப் பத்து மணி. துணி உள்ள, தொட்டி கட்டு, தண்ணி திறந்து விடு. சரிதானே?"

எதற்காக என்று கேட்டார் தமோட்சு.

"எதுக்காகவோ. வேலை நடக்குதுல்ல."

அங்கேதான் தமோட்சுவுக்கு விளங்கியது. தெருவில் யாரும் காரணத்தைப் படிப்பதே இல்லை. செய்ய வேண்டியது என்ன, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று மட்டும் கண்ணை ஓட்டிவிட்டு, மேலே யார் யார் முத்திரை இருக்கிறது என்று பார்த்து, தன்னுடையதையும் குத்திவிட்டு, சூடான பாத்திரத்தைக் கைமாற்றுகிற மாதிரி அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள். இது வேடிக்கைக்கு எழுதியது என்று இப்போது சொன்னால், நீங்கள் படிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதுவும் தொட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிற மனுஷியிடம். அவரால் முடியவில்லை. முடிச்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அட்டையைத் துரத்தினார். எந்த வீட்டில் கேட்டாலும் இப்போதுதான் கொடுத்தோம் என்றார்கள். மற்ற வாரங்களில் குளியலறை வாசலிலேயே கிடந்து நனைகிற அட்டை, அன்றைக்கென்று பறந்தது. தெருக் கோடியில் கவாசோவே வீட்டில் போய்த்தான் பிடித்தார். கவாசோவே ரயில்வேயில் நேர அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். வாசலிலேயே கையில் அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். தாளில் தெரு மொத்தத்தின் முத்திரையும் சிவப்பாக வரிசை கட்டியிருந்தது. கடைசியாகக் கவாசோவேயின் முத்திரை, மை காயாமல்.

"பத்துன்னா பத்தேதானா, இல்ல பத்துவாக்குலயா?" என்று கேட்டார் கவாசோவே. "விசில் யார் ஊதறாங்கன்னு போடல. சங்கத் தலைவருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். அவருக்கும் தெரியல. நீங்கதான் ஊதச் சொல்லணுமாம்."

தலைவர் வரைக்கும் போய்விட்டது. தமோட்சு சுவரைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு இல்லை என்று சொன்னார்.

"ரத்தா, தள்ளிவைப்பா?"

ரத்து என்றால் காரணம் சொல்ல வேண்டும். தள்ளிவைப்பதற்கு எங்கள் ஊரில் யாரும் காரணம் கேட்பதில்லை. தள்ளிவைப்பு என்றார் தமோட்சு.

"எந்த நாளைக்கு? நான் வேலையில இருந்தவரைக்கும் புது நேரம் போடாம ஒரு வண்டியைத் தள்ளி வெச்சதில்ல."

அடுத்த ஞாயிறு என்று வாயில் வந்துவிட்டது. அதே நேரம் என்றும் வந்துவிட்டது. கவாசோவே திருப்தியாகத் தலையாட்டி, தன் காலண்டரில் வட்டம் போட உள்ளே போனார்.

அன்று சாயங்காலமே தள்ளிவைப்புத் தாள் சுற்றுக்குப் போனது. அதுதான் பெரிய தப்பு. ஒருமுறை வந்த அறிவிப்பை மறந்துவிடுவார்கள். இரண்டாம் முறை வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். சுகியுரா அம்மாள் ஒசாகாவிலிருந்து வர இருந்த தங்கையை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் கூரை ஓடுகளைச் சோதிக்க ஆள் வரவழைத்தார்கள். தெருவில் கயிறு விற்றுத் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

திங்கட்கிழமை சங்கத் தலைவர் தெராசாவா தானே நேரில் வந்தார். நல்ல மனிதர். முன்னெச்சரிக்கை என்ற ஒரு வார்த்தையில்தான் அவருக்குப் பலவீனம். கைப்பட்டை, தலைக்கவசம், தூக்குப் படுக்கை எல்லாம் சங்கக் கூடத்தில் தூசி படிந்து கிடக்க, அவற்றுக்கு ஒரு வேலை வராதா என்று வருஷக்கணக்காக ஏங்கிக்கொண்டிருந்தவர். கீழ்த் தெருச் சங்கத் தலைவர் போன் பண்ணி, எங்கள் தெருவுக்கு ஏன் இது வரவில்லை என்று குறைபட்டாராம். அதைச் சொல்லும்போது தெராசாவாவின் முகம் பூத்துக் குலுங்கியது.

தமோட்சு துணிந்தார். முழங்கால் மடித்து உட்கார்ந்து, கையைத் தரையில் ஊன்றி, தலைவரே, அந்தத் தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க. அதுல சங்கத்தோட பெரிய முத்திரையை நானே குத்தியிருக்கேன். தீயணைப்புத் தொண்டர்களுக்கும் நகல் போயாச்சு." தெராசாவா தேநீரைக் கீழே வைத்தார். "தப்பு கிப்பு எதுவும் இல்லையே, நிஷிவாகி சான்?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. முதியவர்களைக் கூடத்தில் சேர்த்து உட்கார வைத்தால் நல்லது என்று சொல்ல வந்தேன் என்றார் தமோட்சு. தலைவர் கண்கலங்கிப் போனார். கூடத்துக்கு நீங்களே பொறுப்பு என்று சொல்லிக் கைப்பட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கினுகோ அன்றிலிருந்து வேறு மாதிரி ஆகிவிட்டாள். மீன் கடையில் அவளுக்கு வழி விட்டார்களாம். பொறுப்பாளர் வீட்டு அம்மா என்றார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குச் சோற்றுருண்டை பிடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டாள். கடற்பாசித் தாளை எடுத்து, ஒரு பருக்கைகூட வெளியே தெரியாதபடி உருண்டையை முழுக்கச் சுற்றிப் பழகிப் பார்த்தாள். பார்லித் தேநீருக்குக் கோப்பை வேண்டாம், மூடி போட்ட புட்டியும் உறிஞ்சு குழலும்தான் சரி என்று தேடித் தேடி வாங்கி வந்தாள். தமோட்சுவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் குற்ற உணர்ச்சி. புதன்கிழமை காலைச் சாப்பாட்டின்போது, கினுகோ, ஞாயிற்றுக்கிழமை விஷயம் என்று இழுத்தார்.

"நல்லபடியா முடிங்க," என்றாள் கினுகோ, மிசோ சூப்பை நீட்டியபடி. "அன்னைக்கு மத்தியானம் காகித வண்டி வரும். ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்தது. தமோட்சு சூப்பைக் குடித்தார்.

கம்பெனிக்குப் போனதும் இகராஷிக்குப் போன் பண்ணினார். அவர்களுக்குள் ஒரு திட்டம் உருவாயிற்று. இகராஷி நகராட்சியிலிருந்து பேசுவதுபோலத் தெராசாவாவைக் கூப்பிட்டு, பணி நிறைவடைந்துவிட்டது, ஞாயிறு நிறுத்தம் தேவையில்லை என்று சொல்லிவிட வேண்டும். இரண்டே வாக்கியம். இகராஷி ஒத்திகை பார்த்தார். பிசிறில்லாமல் வந்தது.

சாயங்காலம் இகராஷியிடமிருந்து போன் வந்தது. குரல் சுருங்கியிருந்தது.

"அவர் ரொம்ப மரியாதையா பேசினார், நிஷிவாகி சான். உங்க சிரமத்துக்கு நன்றி, உங்க சிரமத்துக்கு நன்றின்னு போன்லயே குனிஞ்சு குனிஞ்சு வணங்கற சத்தம் கேட்டுச்சு. தெருவே தயாராகி நிக்குதுன்னு சொன்னார். அதுக்கு மேல எனக்கு வாய் வரல."

அப்புறம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார் தமோட்சு.

"நேர்ல வந்து மேற்பார்வை பாக்கறேன்னு சொல்லிட்டேன்."

ஞாயிறு விடிந்தது. மேகமே இல்லாத வானம். துணி உலர்த்த இதைவிட நல்ல நாள் அந்த வருஷத்தில் வரவில்லை. ஆனால் தெருவில் ஒரு கைக்குட்டைகூட வெளியே தொங்கவில்லை. தொட்டிகள், சைக்கிள்கள், நாய்க்கூண்டுகள், வாசல் பொம்மைகள் எல்லாம் கட்டுண்டு கிடந்தன. யாரோ ஒரு புண்ணியவான் தபால் பெட்டியையும் கட்டியிருந்தார். இகராஷி தன் பல் மருத்துவமனை வெள்ளை அங்கியில் வந்து இறங்கினார். வேறு எந்த உடையில் அதிகாரி மாதிரி இருப்போம் என்று அவருக்குத் தெரியவில்லையாம். தெராசாவா அவரை வீடு வீடாக அழைத்துப் போய்க் காட்டினார். இகராஷி ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்த்து, கடைவாய்ப் பல்லை ஆட்டிப் பார்க்கிற மாதிரியே ஆட்டிப் பார்த்து, நல்லது என்றார்.

பத்து அடித்தது. கவாசோவே விசில் ஊதினார். முன்னும் பின்னும் கொடி காட்டிவிட்டு, அவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தெருவில் தமோட்சு மட்டும் நின்றார்.

கண்ணுகளா, அப்படி ஓர் அமைதியை அந்த மனுஷன் அதுவரை பார்த்ததில்லை. தொலைக்காட்சிச் சத்தம் இல்லை. பாத்திரம் உருளவில்லை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும், முதியவர்களைச் சேர்த்து உட்கார வைத்த கூடத்துக்குள்ளும் ஆட்கள் உட்கார்ந்து தூணைப் பிடித்துக்கொண்டு, எதற்கென்றே தெரியாமல் காத்திருந்தார்கள். கீழே கடல் தகதகத்துக்கொண்டு கிடந்தது. எத்தனையோ புத்தகங்களில் அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய காலம், இதோ இந்தத் தெருவுக்கே வந்து இறங்கியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மட்டும், தெரு முழுவதும் எதிர்காலத்தில் இருந்தது. பயமும் வெட்கமும் எங்கோ போய்விட்டன. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தமோட்சு குதிகாலை மெல்லத் தூக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தூக்கி, கையையும் பக்கவாட்டில் விரித்துப் பார்த்தார். மேலே போகவில்லை. போயிருந்தாலும் அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

பதினொன்றுக்கு மறுபடி விசில் கேட்டது. எல்லோரும் கதவைத் திறந்து, ஒருவரை ஒருவர் பார்த்து, நல்லபடியாக முடிந்தது என்று வணங்கிக்கொண்டே கூடத்துக்கு வந்தார்கள். கினுகோ சோற்றுருண்டைகளையும் குழல் போட்ட புட்டிகளையும் வரிசையாக வைத்தாள்.

தெராசாவா எழுந்தார். முறைப்படி முடித்து வைக்க வேண்டும் என்றார். அறிவிப்பை முழுமையாக ஒருமுறை வாசித்து, நிறைவேறியது என்று பதிவு செய்ய வேண்டுமாம். தமோட்சு எழுந்து தடுப்பதற்குள் அவர் வாசிப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுவிட்டார். இந்தத் தாளுக்காக அவர் அதை மாட்டியது அதுதான் முதல் தடவை.

"அறிவிப்பு. ஈர்ப்பு விசை வழங்கும்..."

நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். குரல் இறங்க இறங்க, கடைசி வரைக்கும் வாசித்தார்.

கூடத்தில் உறிஞ்சு குழலில் தேநீர் ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. எல்லோருடைய கண்ணும் தாளின் ஓரத்தில் இருந்த சிவப்பு முத்திரைகள் மேல் போனது. அவரவர் முத்திரையை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவரின் பெரிய முத்திரை எல்லாவற்றுக்கும் மேலே பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தது.

தமோட்சு தலை குனிந்து, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். ஆனால் சுகியுரா அம்மாள் முந்திக்கொண்டார்.

"எங்க வீட்டுல கொஞ்சம் லேசாத்தான் இருந்துச்சு," என்றார், யாரையும் பார்க்காமல். "எந்திரிக்கும்போது முட்டி வலிக்கல."

இன்னொருவர், தன் வீட்டுத் தொங்குவிளக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது என்றார். தனக்கு வயிறு மிதந்த மாதிரி இருந்தது என்று ஒரு குரல் வந்தது. ஆமாம், ஆமாம் என்று மூலைக்கு மூலை தலைகள் ஆடின.

"பதினொண்ணுக்கு டாண்ணு திரும்ப வந்துடுச்சு. ஒரு நொடி தாமதம் இல்ல. அதைச் சொல்லணும்," என்றார் கவாசோவே.

தெராசாவா நிமிர்ந்தார். மேற்பார்வை அதிகாரியைப் பார்த்தார். இகராஷி வாய் நிறையச் சோற்றுருண்டையோடு ஆழமாகத் தலையசைத்தார். பணி வெற்றிகரமாக நிறைவேறியது என்று தலைவர் அறிவித்தார். கூடமே கைதட்டியது. இவ்வளவு ஒற்றுமையான கைதட்டலை அந்தக் கூடம் கேட்டதில்லை.

தப்பித்துவிட்டோம் என்று தமோட்சு நம்பப் பார்த்தார். கூடத்தின் மறுகோடியில் கினுகோ காலிப் புட்டிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வீட்டுக்கு வாருங்கள் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபடி தமோட்சு, தெருவே வெற்றி என்று சொல்லிவிட்டதே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"தெரு என்ன வேணா சொல்லும். நான் உங்க பொண்டாட்டி." கினுகோ பின்னறைக் கதவை முழுக்க நகர்த்தித் திறந்துவிட்டாள். "பேச்சு பேச்சுதான். பெட்டியை வெளிய எடுங்க."

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. ஒரு மணி நேரம் எதிர்காலத்தில் நின்றுவிட்டு வந்ததற்கு விலை கேட்டால் கொடுத்துத்தானே ஆக வேண்டும். ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தார். எந்தப் பெட்டியை முதலில் எடுக்க வேண்டும் என்று கினுகோ விரல் நீட்டிக் காட்டினாள். வால்நட்சத்திரத்தில் ஹோட்டல் நடத்துகிறவனின் கதை ஒன்று இருக்கும் பெட்டியை எடுக்கும்போது, மூடியைத் திறந்து ஒரு பக்கமாவது பார்க்கலாமா என்று நினைத்தார். கினுகோ பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிவிட்டார். ஒவ்வொரு பெட்டி வெளியே போகும்போதும் அறையின் தரைப்பலகை ஒருமுறை முனகி நிமிர்ந்தது.

தெருமுனையில் ஒலிபெருக்கி கேட்டது. பழைய செய்தித்தாள், பழைய பத்திரிகை, பழைய புத்தகம். வண்டி ஊர்ந்து ஊர்ந்து வந்து வீட்டு முன்னால் நின்றது. கயிறு கட்டிய தபால் பெட்டியை விநோதமாகப் பார்த்தபடி வண்டிக்காரர் இறங்கினார். தமோட்சு கடைசிப் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டிக்காரர் அவரைக் கவனிக்கவே இல்லை. தொப்பியைக் கழற்றிக் கினுகோவை வணங்கினார்.

"அம்மா, நீங்க படிச்சு முடிச்சது இந்தத் தடவை இவ்வளவுதானா? நீங்க கேட்ட விஞ்ஞானக் கதையோட அடுத்த பாகமெல்லாம் ஊரெல்லாம் தேடிப் பிடிச்சு வண்டி நிறைய கொண்டாந்திருக்கேன், வழக்கம்போல டாய்லெட் பேப்பர் வேண்டாமில்ல?"

உங்கள் வீட்டிலும் அலமாரி நிறையட்டும், தரை தாங்கட்டும், படிக்கிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் ஒளிக்காமல் சேர்ந்து சிரிக்கட்டும், கண்ணுகளா.